லோகோ.பிஎன்ஜி-யை ஆப்ஜெக்ட் ஃபைலாக்கி லிங்க் செய்தால் செக்மென்டேஷன் ஃபால்ட். எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். லினக்ஸ், எக்ஸ்86-64, ஜிசிசி 13. சி-யில் ஒரு சின்ன புரோகிராம். படத்தைத் தனி ஃபைலாகக் கூடவே அனுப்பாமல் எக்ஸிகியூட்டபிளுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். படத்தின் அளவு 14,892 பைட். முதலில் எல்டி (ஆப்ஜெக்ட் ஃபைல்களை இணைக்கும் லிங்க்கர்) கொண்டு இதைச் செய்தேன்:

எல்டி -ஆர் -பி பைனரி -ஓ லோகோ.ஓ டேட்டா/லோகோ.பிஎன்ஜி

பிறகு சி ஃபைலில் இப்படி அறிவித்தேன்:

எக்ஸ்டர்ன் சார் *_பைனரி_டேட்டா_லோகோ_பிஎன்ஜி_ஸ்டார்ட்;
எக்ஸ்டர்ன் இன்ட் _பைனரி_டேட்டா_லோகோ_பிஎன்ஜி_சைஸ்;

மூன்று சிக்கல்கள். ஸ்டார்ட்டைத் தொட்ட உடனே செக்மென்டேஷன் ஃபால்ட். டீபக்கரான ஜிடிபி-யில் அந்த பாயிண்டரைப் பார்த்தால் 0எக்ஸ்ஏ1ஏ0ஏ0டி474ஈ5089 என்று காட்டுகிறது. சைஸ் வரும் வரியைச் சேர்த்தால், அப்சல்யூட் சிம்பலுக்கு இந்த ரிலொகேஷன் கூடாது என்று லிங்க்கரே நின்றுவிடுகிறது. -நோ-பை (நிலையான முகவரியில் லோட் ஆகும் எக்ஸிகியூட்டபிள்) கொடுத்தால் லிங்க் ஆகிறது, ஆனால் ஓட்டும்போது அந்த வரியிலும் ஃபால்ட். மூன்றாவது, .நோட்.ஜிஎன்யு-ஸ்டாக் செக்‌ஷன் இல்லை, அதனால் ஸ்டாக் எக்ஸிகியூட்டபிள் ஆகிவிடும் என்று ஒரு எச்சரிக்கை வருகிறது.

சிம்பல்களைப் பட்டியலிடும் என்எம்-ஐ, என்எம் லோகோ.ஓ என்று போட்டால் ஸ்டார்ட், எண்ட், சைஸ் என மூன்று சிம்பல்களும் இருக்கின்றன. பெயரில் பிழை இல்லை.

பதில் 1

பெயர்கள் சரி, அறிவித்த விதம்தான் தவறு. எல்டி உருவாக்கும் அந்த மூன்றும் மாறிகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பெயர், ஒரு எண், அவ்வளவுதான். ஸ்டார்ட் என்பது படத்தின் முதல் பைட் உட்கார்ந்திருக்கும் முகவரி. அந்த முகவரியைச் சேமித்து வைத்த பாயிண்டர் எதுவும் எங்கேயும் கிடையாது.

நீங்கள் சார் * என்று அறிவித்ததும் கம்பைலர் என்ன நினைக்கிறது? அந்த முகவரியில் 8 பைட்டில் ஒரு பாயிண்டர் இருக்கிறது, அதைப் படித்து அது காட்டும் இடத்துக்குப் போக வேண்டும் என்று. அங்கே இருப்பதோ படத்தின் முதல் 8 பைட். ஜிடிபி காட்டிய எண்ணை வலமிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் படித்துப் பாருங்கள்: 89, 50, 4ஈ, 47, 0டி, 0ஏ, 1ஏ, 0ஏ. எந்த பிஎன்ஜி ஃபைலும் இந்த 8 பைட்டில்தான் தொடங்கும். 50, 4ஈ, 47 மூன்றும் ஆஸ்கியில் பி, என், ஜி. படம் ஒழுங்காக உள்ளே வந்துவிட்டது என்பதற்கு உங்கள் ஜிடிபி-யே சாட்சி. எக்ஸ்86-64-இல் பயனர் புரோகிராமுக்கு உரிய முகவரிகளில் மேல் 16 பிட்டும் பூஜ்ஜியமாக இருக்கும். இதில் அது 0ஏ1ஏ. அதனால்தான் தொட்ட மாத்திரத்தில் ஃபால்ட்.

அரே ஆக அறிவித்தால் சரியாகிவிடும். அரேயின் பெயரே முகவரிதான்:

எக்ஸ்டர்ன் கான்ஸ்ட் அன்சைன்ட் சார் _பைனரி_டேட்டா_லோகோ_பிஎன்ஜி_ஸ்டார்ட்[];
எக்ஸ்டர்ன் கான்ஸ்ட் அன்சைன்ட் சார் _பைனரி_டேட்டா_லோகோ_பிஎன்ஜி_எண்ட்[];

சதுர அடைப்புக்குள் எதுவும் போட வேண்டாம்.

சைஸ் விஷயத்துக்கு வருவோம். உங்கள் என்எம் வெளியீட்டில் எண்ட், சைஸ் இரண்டுக்கும் 3ஏ2சி என்றே இருக்கும். அது 14,892-இன் பதினாறடிமான வடிவம். ஆனால் எண்ட் பக்கத்தில் டி என்ற எழுத்து, சைஸ் பக்கத்தில் ஏ. டி என்றால் டேட்டா செக்‌ஷனுக்குள் ஓர் இடம். ஏ என்றால் அப்சல்யூட், எந்த செக்‌ஷனையும் சேராத வெறும் எண். அதை இன்ட் என்று அறிவித்தால் நினைவகத்தில் 14,892-ஆவது முகவரிக்குப் போய் 4 பைட் படிக்கச் சொல்கிறீர்கள். லினக்ஸில் 65,536-க்குக் கீழே உள்ள முகவரிகளை வழக்கமாக யாருக்கும் மேப் செய்து தருவதில்லை. -நோ-பை கொடுத்தும் ஃபால்ட் வந்தது இதனால்தான்.

சைஸின் முகவரியை எடுத்து எண்ணாக மாற்றினால் அளவு கிடைக்கும் என்று பல பழைய பதில்களில் இருக்கும். பை (எந்த முகவரியிலும் லோட் ஆகக்கூடிய எக்ஸிகியூட்டபிள்) இல்லாத காலத்துக்கு அது சரி. இன்றைய டிஸ்ட்ரோக்களில் ஜிசிசி இயல்பாகவே பை-யாகத்தான் தருகிறது. புரோகிராம் எங்கே லோட் ஆகிறதோ அந்த அடி முகவரியும் கூடவே சேர்ந்து, பழைய லிங்க்கரில் சத்தமில்லாமல் ஒரு பிரமாண்டமான எண் வந்து நிற்கும். புதிய லிங்க்கர் உங்களுக்குச் செய்தது போலத் தடுத்து நிறுத்தும். சைஸை மறந்துவிடுங்கள். எண்ட் கழித்தல் ஸ்டார்ட் போடுங்கள். இரண்டோடும் அடி முகவரி சேர்ந்தாலும் கழித்தலில் அடிபட்டுப் போகும்.

பதில் 2

மூன்றாவது எச்சரிக்கையை அலட்சியப்படுத்த வேண்டாம். லிங்க் செய்யும் ஆப்ஜெக்ட் ஃபைல்களில் ஒன்றில் .நோட்.ஜிஎன்யு-ஸ்டாக் இல்லாவிட்டாலும், எக்ஸ்86-இல் எல்டி முழு புரோகிராமின் ஸ்டாக்கையும் எக்ஸிகியூட்டபிள் ஆக்கிவிடும். ஒரு படத்தைச் சேர்த்ததற்காக, ஸ்டாக்கில் உள்ளதைக் கோடாக ஓட்டவிடாத ஒரு முக்கியமான பாதுகாப்பு போய்விடுகிறது. முன்பெல்லாம் இது சத்தமில்லாமல் நடக்கும், பின்யுடில்ஸ் (எல்டி, ஆப்ஜ்காப்பி, என்எம் அடங்கிய தொகுப்பு) 2.39 முதல்தான் எச்சரிக்கை வருகிறது. முதல் கட்டளையிலேயே தீர்த்துவிடலாம்:

எல்டி -ஆர் -பி பைனரி -இசட் நோஎக்ஸெக்ஸ்டாக் -ஓ லோகோ.ஓ டேட்டா/லோகோ.பிஎன்ஜி

-ஆர் உடன் இதைக் கொடுத்தால் அந்தக் காலி செக்‌ஷனை எல்டி-யே சேர்த்துவிடும்.

இன்னொன்று. படம் இப்போது .டேட்டா-வில் இருக்கிறது, அதாவது எழுதக்கூடிய பகுதி. சி-யில் கான்ஸ்ட் போட்டாலும் அது கம்பைலருக்குச் சொன்னதுதான், நினைவகத்துக்கு அல்ல. தவறான ஒரு பாயிண்டர் அங்கே எழுதினால் படம் கெடும், யாருக்கும் தெரியாது. லோகோ.ஓ வந்ததும் இதையும் ஓட்டுங்கள்:

ஆப்ஜ்காப்பி --ரீநேம்-செக்‌ஷன் .டேட்டா=.ரோடேட்டா,அலாக்,லோட்,ரீட்ஒன்லி,டேட்டா,கன்டென்ட்ஸ் லோகோ.ஓ

காற்புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி கூடாது. ரீட்ஒன்லி-யை விட்டுவிட்டால் பெயர் மட்டும் மாறும், எழுதும் அனுமதி அப்படியே இருக்கும். முடித்ததும் என்எம் போட்டால் டி இருந்த இடத்தில் ஆர் வர வேண்டும்.

மைக்ரோகன்ட்ரோலரில் இது கட்டாயம். அங்கே .டேட்டா என்றால் ஃப்ளாஷில் ஒரு பிரதி, தொடங்கும்போது ரேமுக்குக் காப்பியாகும் இன்னொரு பிரதி. எஸ்டிஎம்32எஃப்103சி8-இல் ரேம் 20 கேபி. உங்கள் 14,892 பைட் படம் அதில் நான்கில் மூன்று பங்கைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடும். .ரோடேட்டா-வில் இருந்தால் ஃப்ளாஷிலேயே இருந்துகொள்ளும், ரேமில் ஒரு பைட்டும் போகாது.

பதில் 3

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு எல்டி, ஆப்ஜ்காப்பி இரண்டையும் விட ஒரு ஃபைலை அப்படியே உள்ளே இழுக்கும் அசெம்பிளர் கட்டளையான .இன்க்பின்-ஐத்தான் நான் சொல்வேன். பெயர், செக்‌ஷன், அலைன்மென்ட் (முகவரி எதன் மடங்காக இருக்க வேண்டும் என்பது), ஸ்டாக் குறிப்பு எல்லாம் ஒரே ஃபைலில் உங்கள் கையில் இருக்கும். லோகோ.எஸ் என்று ஒரு ஃபைல். எஸ் பெரிய எழுத்து:

.செக்‌ஷன் .ரோடேட்டா.லோகோ, "ஏ", %ப்ரொக்பிட்ஸ்
.பேலைன் 16
.குளோபல் லோகோ_ஸ்டார்ட்
.குளோபல் லோகோ_எண்ட்
லோகோ_ஸ்டார்ட்:
.இன்க்பின் "டேட்டா/லோகோ.பிஎன்ஜி"
லோகோ_எண்ட்:
.பைட் 0
.செக்‌ஷன் .நோட்.ஜிஎன்யு-ஸ்டாக், "", %ப்ரொக்பிட்ஸ்

இதை ஜிசிசி -சி லோகோ.எஸ் என்று சாதாரணமாகக் கம்பைல் செய்தால் போதும். சி பக்கத்தில் அறிவிப்பு முன்பு போலவே, அரேயாக.

%ப்ரொக்பிட்ஸ் என்று சதவீதக் குறியோடுதான் எழுத வேண்டும். @ போட்டு எழுதிய உதாரணங்கள் நிறையக் கிடைக்கும், எக்ஸ்86-இல் ஓடவும் ஓடும். ஆனால் ஆர்ம் அசெம்பிளருக்கு @ என்றால் கமென்ட் தொடக்கம். வரியின் மிச்சத்தை விழுங்கிவிடும்.

.பேலைன் 16 எதற்கு? எல்டி, ஆப்ஜ்காப்பி தரும் செக்‌ஷனின் அலைன்மென்ட் 1. லிங்க்கர் அதை எந்த முகவரியிலும் வைக்கலாம், ஒற்றைப்படை முகவரி உட்பட. படத்தைப் பைட் பைட்டாகப் படித்தால் பிரச்சினை இல்லை. உள்ளே இருப்பது 32 பிட் எண்களின் பட்டியலாக இருந்து, அதை யுஇன்ட்32_டி பாயிண்டராக மாற்றிப் படித்தால்தான் வினை. கார்டெக்ஸ்-எம்0-இல் முகவரி 4-ஆல் வகுபடாவிட்டால் நேராக ஹார்ட்ஃபால்ட். எம்3, எம்4 தனித்தனி எண்ணைப் படிக்கும்போது பொறுத்துக்கொள்ளும், பல எண்களை ஒன்றாகப் படிக்கும் எல்டிஎம், எல்டிஆர்டி கட்டளைகள் வந்தால் பொறுக்காது. எக்ஸ்86 பெரும்பாலும் பொறுக்கும். ஆனால் -ஓ3-இல் கம்பைலர் அந்த லூப்பை வெக்டராக்கி 16-ஆல் வகுபடும் முகவரி கேட்கும் மூவ்ஏபிஎஸ் போட்டுவிட்டால் அங்கேயும் விழும். இன்று ஓடியது, வேறு ஒரு ஃபைலைச் சேர்த்ததும் முகவரி நகர்ந்து நாளை விழும். இந்த வகைப் பிழையைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஆப்ஜ்காப்பியில்தான் செய்வேன் என்றால் பின்யுடில்ஸ் 2.33 முதல் --செட்-செக்‌ஷன்-அலைன்மென்ட் .டேட்டா=16 உண்டு.

கடைசியில் உள்ள .பைட் 0, எழுத்து ஃபைல்களுக்காக. ஷேடர், எஸ்க்யூஎல், எச்டிஎம்எல் போன்றவற்றை உள்ளே வைத்து நேராக ஸ்டிர்லென், பிரின்ட்எஃப் என்று கொடுப்பவர்கள் அதிகம். ஃபைலின் முடிவில் பூஜ்ஜிய பைட் இருக்காது. அடுத்து என்ன இருக்கிறதோ அதையும் சேர்த்து ஓடும். எண்ட் லேபிளுக்குப் பின்னால் பூஜ்ஜியத்தை வைத்தால் அளவும் கெடாது, ஸ்ட்ரிங்கும் ஒழுங்காக முடியும்.

இப்போது .இன்க்பின்-இன் பலவீனம். உள்ளே இழுத்த ஃபைல் எது என்று சார்ந்த ஃபைல்களைப் பட்டியலிடும் ஜிசிசி-யின் -எம்டி-க்குத் தெரியாது. படத்தை மாற்றிவிட்டு மேக் போட்டால் ஏற்கெனவே எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடும். பழைய படமே உள்ளே இருக்கும். மேக்ஃபைலில் நீங்களே எழுத வேண்டும்:

லோகோ.ஓ: லோகோ.எஸ் டேட்டா/லோகோ.பிஎன்ஜி

சிமேக்கில் அந்த எஸ் ஃபைலுக்கு ஆப்ஜெக்ட்_டிபெண்ட்ஸ் என்ற பண்பில் படத்தின் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். ப்ராஜெக்டில் ஏஎஸ்எம் மொழியையும் சேர்க்க மறக்க வேண்டாம். சேர்க்காவிட்டால் எஸ் ஃபைலை சிமேக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடும்.

பாதையும் கவனம். .இன்க்பின் பாதை, எஸ் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படுவதில்லை. கம்பைலர் எந்த ஃபோல்டரில் ஓடுகிறதோ அங்கிருந்து. வேறு ஃபோல்டரில் பில்ட் செய்தால் பெரிய ஐ ஆப்ஷனில் மூல ஃபோல்டரைக் கொடுங்கள், அசெம்பிளர் அங்கேயும் தேடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. அரேயாக மாற்றியதும் ஓடிவிட்டது. எண்ட் கழித்தல் ஸ்டார்ட் சரியாக 14,892.

இன்னும் இரண்டு. ஃபோல்டரில் தமிழ்ப் பெயரில் சில படங்கள் இருக்கின்றன. படம்.பிஎன்ஜி, மலர்.பிஎன்ஜி இரண்டையும் எல்டி மூலம் தனித்தனி ஆப்ஜெக்ட் ஆக்கி லிங்க் செய்தால், ஒரே சிம்பல் இரண்டு முறை வரையறுக்கப்பட்டிருக்கிறது என்கிறது. பெயர்கள் வேறு வேறுதானே? அடுத்து, 40 எம்பி டேட்டா ஃபைல் ஒன்றையும் உள்ளே வைக்க வேண்டும். எக்ஸ்எக்ஸ்டி -ஐ போட்டு சி அரேயாக மாற்றினேன், ஜிசிசி நினைவகத்தைத் தின்றுகொண்டே போகிறது.

பதில் 1

எல்டி சிம்பல் பெயர் செய்யும்போது நீங்கள் கொடுத்த பாதையை எடுத்து, ஆங்கில எழுத்து, எண் தவிர்த்த ஒவ்வொரு பைட்டையும் அண்டர்ஸ்கோர் ஆக்கும். எழுத்தை அல்ல, பைட்டை. யுடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட். படம் என்பது ப, ட, ம, புள்ளி என்று 4 குறிகள், 12 பைட். மலர் என்பது ம, ல, ர, புள்ளி, அதுவும் 12. இரண்டுக்குமே பெயரில் 12 அண்டர்ஸ்கோர் மட்டுமே மிஞ்சும், ஒன்றோடொன்று மோதும். பூ.பிஎன்ஜி இருந்தால் 6 வரும், தப்பிக்கும்.

ஆப்ஜ்காப்பியின் --ரீடிஃபைன்-சிம் பழையபெயர்=புதியபெயர் கொண்டு ஒவ்வொரு ஆப்ஜெக்டிலும் மாற்றலாம். அதைவிட .இன்க்பின் எளிது: லேபிளை நீங்களே வைக்கிறீர்கள், மேற்கோளுக்குள் தமிழ்ப் பெயர் அப்படியே இருக்கட்டும்.

பாதை முழுவதும் பெயரில் சேர்வது இன்னொரு வழியிலும் கடிக்கும். ஸ்கிரிப்ட் ஒன்று முழுப் பாதையைக் கொடுத்து எல்டி-யை ஓட்டினால் உங்கள் ஹோம் ஃபோல்டர் பெயரே சிம்பலுக்குள் போய்விடும். உங்கள் கணினியில் லிங்க் ஆவது அடுத்தவர் கணினியில் ஆகாது. அந்த ஃபோல்டருக்குள் போய் வெறும் ஃபைல் பெயரைக் கொடுத்து ஓட்டுவதே பாதுகாப்பு.

பதில் 4

40 எம்பி பற்றி. எக்ஸ்எக்ஸ்டி -ஐ ஒரு வரியில் 12 பைட்டை எழுதும். அந்த வரி 74 எழுத்து நீளம். கணக்குப் போட்டால் 40 எம்பி டேட்டா சுமார் 247 எம்பி சி கோடாக மாறுகிறது. ஜிசிசி அதில் உள்ள 4 கோடிக்கும் மேற்பட்ட எண்களையும் தனித்தனி டோக்கனாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓர் இடம் ஒதுக்கி, சரிபார்த்து, கடைசியில் மறுபடி பைட்டாக எழுதுகிறது. சில கேபி ஃபைலுக்கு இந்த வழி போதும், அதற்கு மேல் வேண்டாம். அப்படிச் செய்தாலும் எக்ஸ்எக்ஸ்டி தரும் அரேயில் கான்ஸ்ட் இருக்காது. முன்னால் நீங்களே சேர்க்காவிட்டால் .டேட்டா-வில்தான் போய் உட்காரும்.

.இன்க்பின் பாகுபடுத்துவதே இல்லை, அப்படியே நகல் எடுக்கிறது. 40 எம்பி அதற்கு ஒரு பொருட்டல்ல. ஓடும்போதும் கவலை வேண்டாம். லினக்ஸ் எக்ஸிகியூட்டபிளை மேப் செய்கிறது. நீங்கள் தொடும் 4,096 பைட் பக்கங்கள்தான் ரேமுக்கு வரும். ஆனால் ஒவ்வொரு முறை லிங்க் செய்யும்போதும் அந்த 40 எம்பி மறுபடி எழுதப்படும். டேட்டா அடிக்கடி மாறும், கோட் மாறாது என்றால், அதை வெளியே தனி ஃபைலாக வைத்து எம்மேப் (ஃபைலை நேராக நினைவகத்தில் மேப் செய்வது) செய்வதுதான் சரி என்பது என் கருத்து.

ஜிசிசி 15 அல்லது கிளாங் 19-க்குப் போக முடிந்தால் சி23-இன் #எம்பெட் இருக்கிறது, ஃபைலின் பைட்களை அரேக்குள் நேராகத் தரும்:

ஸ்டாடிக் கான்ஸ்ட் அன்சைன்ட் சார் லோகோ[] = {
#எம்பெட் "டேட்டா/லோகோ.பிஎன்ஜி"
};

#எம்பெட் தனி வரியில்தான் வர வேண்டும். மேற்கோளுக்குள் தரும் பாதை #இன்க்ளூட் போலவே சி ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து தேடப்படும். பெரிய ஆதாயம், சைஸ்ஆஃப் வேலை செய்யும்: அளவு கம்பைல் ஆகும்போதே தெரிவதால் ஸ்டாடிக்_அசெர்ட் போட்டு ஃபைல் மிகப் பெரிதாகிவிட்டால் அங்கேயே நிறுத்தலாம். .இன்க்பின்-இல் இது முடியாது, முகவரிகள் லிங்க் ஆகும்போதுதான் முடிவாகின்றன.

எழுத்து ஃபைலுக்குப் பூஜ்ஜியம் வேண்டுமென்றால் அதே வரியில் சஃபிக்ஸ்(, 0) என்று சேர்க்கலாம். ஃபைல் காலியாக இருந்தால் மட்டும் சஃபிக்ஸ் வராது. அதற்கு இஃப்_எம்ப்ட்டி(0) தனியாகக் கொடுக்க வேண்டும். அரேயை வெறும் சார் என்று அறிவிக்க வேண்டாம். 127-க்கு மேற்பட்ட பைட் வந்தால் சி++ அதை ஏற்காது; பிஎன்ஜி-யில் முதல் பைட்டே 137.

பதில் 5

பிற தளங்களுக்குக் கொண்டுபோவீர்கள் என்றால், மேக்ஓஎஸ் லிங்க்கரில் -பி பைனரி கிடையாது. அங்கே -செக்ட்க்ரியேட் என்ற ஆப்ஷனுக்கு செக்மென்ட் பெயர், செக்‌ஷன் பெயர், ஃபைல் மூன்றையும் கொடுத்து, ஓடும்போது கெட்செக்ட்டேட்டா-வின் புதிய வடிவமான கெட்செக்‌ஷன்டேட்டா மூலம் முகவரியையும் அளவையும் வாங்க வேண்டும். .இன்க்பின் கிளாங்கிலும் உண்டு; ஆனால் மேக்கில் சி பெயர்களுக்கு முன்னால் ஓர் அண்டர்ஸ்கோர் சேரும் என்பதால், எஸ் ஃபைலில் லேபிளை _லோகோ_ஸ்டார்ட் என்று எழுதினால்தான் சி-யிலிருந்து லோகோ_ஸ்டார்ட் கிடைக்கும்.

விண்டோஸுக்கான ஜிசிசி-யான மிங்டபிள்யுவின் 32 பிட் வடிவத்திலும் அதே அண்டர்ஸ்கோர் உண்டு. எல்டி தரும் பெயரில் ஏற்கெனவே முன்னால் ஒன்று இருப்பதால், சி-யில் அறிவிக்கும்போது ஒன்றைக் குறைத்து பைனரி_டேட்டா_லோகோ_பிஎன்ஜி_ஸ்டார்ட் என்று எழுத வேண்டும். 64 பிட்டில் இந்தச் சேர்ப்பு இல்லை, லினக்ஸில் எழுதியது போலவே எழுதலாம். இரண்டையும் ஒரே ஹெடரில் வைக்க வேண்டுமென்றால், அறிவிப்பின் முடிவில் ஏஎஸ்எம்("...") போட்டு லிங்க்கர் பார்க்கும் முழுப் பெயரையும் நீங்களே கொடுத்துவிடலாம். ஜிசிசி அதற்கு முன்னால் எதையும் சேர்க்காது.